நிழலில் காபி: சிறு விவசாயிக்கான முழுமையான வழிகாட்டி

நிழல் காபி என்றதும் காபியை நட்டுவிட்டு நடுநடுவே நாலு மரம் வைப்பது என்று பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். வரிசை அப்படியல்ல. முதலில் மரம், பிறகுதான் காபி. தோட்டத்தின் ஆயுள் முழுவதும் நீங்கள் பார்க்கப்போகும் முக்கியமான வேலையும் காபிச் செடியில் இல்லை. தலைக்கு மேலே, எவ்வளவு வெளிச்சம் உள்ளே வரலாம் என்று ஆண்டுதோறும் முடிவுசெய்வதில் இருக்கிறது. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

அராபிகா எத்தியோப்பியாவின் தென்மேற்கு மலைக்காடுகளில் பெரிய மரங்களுக்கு அடியில் தானாக முளைத்த செடி. ரொபஸ்டா மத்திய, மேற்கு ஆப்பிரிக்கத் தாழ்நிலக் காடுகளைச் சேர்ந்தது. இரண்டுமே நிழலுக்குப் பழகியவை. உச்சி வெயிலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வெளிச்சம் கிடைத்தாலே காபி இலைக்குப் போதும். அதற்கு மேல் விழும் வெயிலால் இலை சூடாகிறதே தவிர உணவு கூடுவதில்லை.

அப்படியானால் ஏன் உலகம் முழுக்க மரங்களை வெட்டிவிட்டு வெட்டவெளியில் காபி வளர்த்தார்கள்? திறந்த வெயிலில் நெருக்கமாக நட்டு, உரமும் மருந்தும் தாராளமாகக் கொடுத்தால் சில ஆண்டுகளுக்குக் காய்ப்பு கொட்டும். அது உண்மைதான். ஆனால் உரச்செலவு கூடும், செடி சீக்கிரம் களைத்துப்போகும், விலை விழுந்த ஆண்டில் கையில் வேறு வருமானம் இருக்காது. ஆய்வாளர்கள் கணக்குப்படி 1996-ல் உலகக் காபிப் பரப்பில் சுமார் 43 சதவீதம் நிழலில் இருந்தது. 2010 வாக்கில் அது 24 சதவீதமாகச் சுருங்கிவிட்டது. பெரிய பண்ணைகளுக்கு அந்தக் கணக்கு ஒத்துவரலாம். இரண்டு மூன்று ஏக்கர் வைத்திருப்பவருக்கு ஒத்துவராது என்பது என் உறுதியான கருத்து. அவருக்குத் தேவை ஒரே ஆண்டின் உச்ச விளைச்சல் அல்ல. எந்த ஆண்டும் வெறுங்கையாகப் போகாத நிலை.

நிலம் ஏற்றதா என்று பாருங்கள்

அராபிகாவுக்கு மிதமான குளிர் வேண்டும். ஆண்டுச் சராசரி வெப்பம் 18 முதல் 22 டிகிரி செல்சியஸ் இருந்தால் நன்று. வெப்பமண்டலத்தில் இது பெரும்பாலும் 1,000 மீட்டருக்கு மேற்பட்ட மலைச்சரிவுகளில் கிடைக்கும். ரொபஸ்டா இன்னும் தாழ்வான, வெப்பமான, ஈரமான இடங்களைத் தாங்கும். இரண்டுக்கும் ஆண்டுக்கு 1,500 மில்லிமீட்டருக்குக் குறையாத மழை நல்லது. அந்த மழை ஆண்டு முழுக்க ஒரே சீராகப் பெய்ய வேண்டியதில்லை. இரண்டு மூன்று மாத வறட்சி இருந்து, பிறகு மழை பெய்தால்தான் மொட்டுகள் ஒன்றாக விழித்து ஒன்றாகப் பூக்கும்.

மண் ஆழமாக, நீர் தேங்காததாக, இலைமக்கு நிறைந்ததாக இருக்க வேண்டும். மண்வெட்டியால் ஒரு மீட்டர் ஆழத்துக்குக் குழி வெட்டிப் பாருங்கள். அரை மீட்டரிலேயே பாறையோ களிப்படலமோ தட்டினால் வேறு பயிரை யோசிப்பது மேல். அமில காரத் தன்மை 5.5 முதல் 6.5 வரை இருக்கலாம். மண் பரிசோதனை செய்யாமல் சுண்ணாம்பு போடாதீர்கள்.

சரிவின் திசையையும் கவனியுங்கள். மேற்கு நோக்கிய சரிவில் பிற்பகல் வெயில் சுட்டெரிக்கும். அங்கே நிழல் கூடுதலாக வேண்டும். காலை வெயில் மட்டும் படும் சரிவில் குறைவான நிழலே போதும். மேகமும் மூடுபனியும் அடிக்கடி தங்கும் உயரமான இடங்களில் இன்னும் குறையலாம். ஒரே தோட்டத்தில் இரண்டு மூன்று விதமான நிழல் தேவைப்படுவது சாதாரணம்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். நிழல் காபிக்காக நல்ல காட்டை அழிக்காதீர்கள். காட்டின் கீழ்ச்செடிகளை வெட்டி அங்கே காபி வைப்பதையும் சிலர் இயற்கைக்கு உகந்த விவசாயம் என்கிறார்கள். அப்படிச் செய்தால் அடுத்த தலைமுறை மரக்கன்றுகள் அழிந்து, இருபது முப்பது ஆண்டுகளில் காடு தானாகத் தேய்ந்துவிடும். நிழல் காபியின் சிறப்பு, வெறுமையான நிலத்தையும் களைத்துப்போன பயிர்நிலத்தையும் மீண்டும் மரங்களுக்குக் கீழே கொண்டுவருவதில் இருக்கிறது. சந்தையும் இப்போது இதைக் கேட்கத் தொடங்கிவிட்டது: 2020 டிசம்பர் 31-க்குப் பிறகு காடழித்த நிலத்தில் விளைந்த காபிக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் காடழிப்புத் தடைச் சட்டம் இடம் தராது.

மரங்களைத் தேர்ந்தெடுப்பது

நிழலை மூன்று அடுக்காக எண்ணிக்கொள்ளுங்கள். காபிக்கு உடனடி நிழல் தரும் தற்காலிக அடுக்கு, அதற்கு மேலே ஆண்டுதோறும் கழித்துவிடக்கூடிய நடு அடுக்கு, எல்லாவற்றுக்கும் மேலே உயர்ந்து நிற்கும் நிரந்தர மரங்கள்.

தற்காலிக அடுக்குக்கு வாழைக்கு நிகர் இல்லை. சில மாதங்களில் நிழல் தரும், தார் வரும், மட்டையும் தண்டும் மண்ணுக்கு மூடாக்காகும். கிளிமாஞ்சாரோ மலைச்சரிவில் சாகா மக்கள் காபியையும் வாழையையும் உயர்ந்த மரங்களோடு சேர்த்து வளர்த்துவருவது உலகறிந்த முறை. ஒரு எச்சரிக்கை: வாழை தண்ணீருக்கும் சாம்பல் சத்துக்கும் காபியோடு போட்டியிடும். காபி காய்க்கத் தொடங்கியதும் எண்ணிக்கையைக் குறைத்துவிட வேண்டும்.

நடு அடுக்குக்குக் கல்யாண முருங்கை, கிளிரிசிடியா போன்ற பயறுவகை மரங்கள் சிறந்தவை. வேர் முடிச்சுகளில் தழைச்சத்தை நிலைநிறுத்தும். எவ்வளவு வெட்டினாலும் தழைக்கும். வெட்டிய தழை சீக்கிரம் மட்கும். லத்தீன் அமெரிக்காவில் இந்த இடத்தில் இங்கா என்ற பயறுவகை மரம் நிற்கிறது. கல்யாண முருங்கையை ஐந்தாறு அடி நீளப் போத்தாக, அதாவது நடுவதற்கான கிளைத்துண்டாக வெட்டி மழைத் தொடக்கத்தில் நட்டால் போதும். இரண்டு காபிச் செடிக்கு ஒரு போத்து என்ற கணக்கில் தொடங்கலாம்.

மேல் அடுக்கில்தான் பலர் தவறுகிறார்கள். விரைவாக வளர்கிறது, நேராகப் போகிறது, மரமாக விற்கலாம் என்று தோட்டம் முழுக்க சில்வர் ஓக் மட்டும் வைத்துவிடுகிறார்கள். மிளகுக் கொடி ஏற்ற அது நல்ல மரம், மறுக்கவில்லை. ஆனால் அதன் இலை மெதுவாகத்தான் மட்கும். பயறுவகை இல்லை என்பதால் தழைச்சத்தும் தராது. ஒரே வகை மரம் நிற்கும் தோட்டத்தில் பறவைக்கும் தேனீக்கும் பெரிதாக எதுவும் கிடைக்காது. மேல் அடுக்கில் அது மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம் என்பேன். மீதியில் அத்தி வகைகள், பலா, நாவல், சந்தன வேம்பு, ஈட்டி என்று அந்தந்த மண்ணுக்குரிய மரங்கள் வரட்டும். நல்ல நிழல் மரத்தை அடையாளம் காண நாலு கேள்வி போதும். வேர் ஆழமாகப் போகிறதா? கொப்பு அகன்று, வெளிச்சம் சல்லடைபோல இறங்குகிறதா? கடும் வெயில் மாதங்களில் இலை தாங்கி நிற்கிறதா? விழும் இலை மண்ணில் கரைகிறதா? காபியின் உணவு உறிஞ்சும் வேர்கள் பெரும்பாலும் மேல்மண்ணின் முதல் 30 சென்டிமீட்டரிலேயே இருப்பதால், மேலோட்டமாக வேர்விடும் மரங்கள் நேரடியாக அதன் வாயிலிருந்து பறிக்கும். யூகலிப்டஸ் வேண்டவே வேண்டாம்.

நிரந்தர மரங்களை ஆரம்பத்தில் 20 அடிக்கு ஒன்றாக நடலாம். ஏக்கருக்கு நூற்றுக்குச் சற்று மேல் வரும். பதினைந்து இருபது ஆண்டுகளில் படிப்படியாகக் கலைத்து 40 அடிக்கு ஒன்றாக, ஏக்கருக்கு 27 மரம் வரை கொண்டுவரலாம். இடையில் கலைக்கும் மரங்கள் விறகாகவும் சட்டமாகவும் வருமானம் தரும். ஆனால் தோட்ட மரத்தை வெட்டவும் ஏற்றிச்செல்லவும் உங்கள் பகுதிச் சட்டம் என்ன சொல்கிறது என்பதை நடும்போதே விசாரித்துக்கொள்ளுங்கள். சொந்தமாக நட்ட மரத்துக்கும் அனுமதி தேவைப்படும் இடங்கள் உண்டு. நட்ட தேதியோடு ஒரு மரப்பதிவேடு வைத்திருந்தால் பின்னாளில் அலைச்சல் குறையும்.

தற்காலிக நிழலும் கல்யாண முருங்கையும் காபிக்குக் குறைந்தது ஓராண்டு முந்தியே தரையில் இருக்க வேண்டும். இந்த ஓராண்டைப் பொறுக்க முடியாமல்தான் பல தோட்டங்கள் முதல் கோடையிலேயே பாதிச் செடிகளை இழக்கின்றன.

நாற்று

அந்த ஓராண்டிலேயே நாற்றையும் வளர்த்துக்கொள்ளலாம். ரகத் தேர்வில் இலைத்துரு நோயைத் தாங்குவது முதல் தகுதியாக இருக்கட்டும். 1869-ல் இலங்கையில் தலைகாட்டிய அந்தப் பூஞ்சை, அந்தத் தீவின் காபித் தொழிலையே சில பத்தாண்டுகளில் துடைத்தெறிந்தது. 2012-ல் தொடங்கிய அலை மத்திய அமெரிக்கச் சிறு விவசாயிகளின் வயிற்றில் அடித்தது. ஒரே ரகத்தை முழுத் தோட்டத்துக்கும் நம்பாமல் இரண்டு மூன்று கலந்து நடுங்கள். முதல் தலைமுறைக் கலப்பின ரகமாக இருந்தால் அதன் விதையை எடுத்து மறுபடி விதைக்காதீர்கள். தாயின் குணம் வராது.

விதையை நோயற்ற, தொடர்ந்து நன்றாகக் காய்க்கும் செடியின் பழுத்த பழங்களிலிருந்து எடுத்து, நிழலில் உலர்த்தி, மாதக்கணக்கில் வைக்காமல் விதைத்துவிட வேண்டும். நாள்பட நாள்பட முளைப்புத் திறன் சரியும். பாத்தியில் முளைக்க ஒன்றரை மாதம் வரை ஆகும். முளை கொட்டையைத் தலையில் தூக்கிக்கொண்டு நிற்கும் பருவத்தில் பைக்கு மாற்றுங்கள். பைக்கலவைக்கு மேல்மண் 6 பங்கு, மட்கிய தொழு உரம் 2 பங்கு, மணல் 1 பங்கு. ஆணிவேர் வளைந்த நாற்றை இரக்கம் பார்க்காமல் ஒதுக்கிவிடுங்கள். அது ஐந்தாறு ஆண்டு வளர்ந்து, காய்க்கும் நேரத்தில் சாய்ந்துபோகும்.

நடவு

சரிவான நிலத்தில் சம உயரக் கோட்டில் வரிசை பிடியுங்கள். ஒன்றரை அடி நீள அகல ஆழக் குழி எடுத்து, சில வாரம் ஆறவிட்டு, மேல்மண்ணும் மட்கிய உரமும் இட்டு மூடி, நல்ல மழை பிடித்ததும் நடலாம். உயரமான அராபிகா ரகங்களுக்கு 6 அடிக்கு 6 அடி, குட்டை ரகங்களுக்கு 5 அடிக்கு 5 அடி, ரொபஸ்டாவுக்கு 10 அடிக்கு 10 அடி. ஏக்கர் கணக்கில் 6 அடி இடைவெளிக்கு 1,210 செடி, 10 அடிக்கு 435 செடி. நட்டபின் முளைக்குச்சி கட்டி, செடியைச் சுற்றிச் சருகு மூடாக்குப் போடுங்கள். மூடாக்கு தண்டைத் தொடக் கூடாது. தொட்டால் கரையானும் அழுகலும் வரும்.

முதல் மூன்று ஆண்டுகள்

இதுதான் குடும்பத்துக்கு நெருக்கடியான காலம். காபி மூன்றாம் நான்காம் ஆண்டில்தான் காய் காட்டும், ஆறாம் ஏழாம் ஆண்டில்தான் நிலைக்கும். அதுவரை வாழை, இடைவெளிகளில் பயறு, இஞ்சி, மஞ்சள், காய்கறி என்று ஏதாவது ஒன்று கைச்செலவைத் தாங்க வேண்டும். இஞ்சியும் மஞ்சளும் மண்ணைக் கிளறும் பயிர்கள் என்பதால் சரிவு அதிகமான இடத்தில் தவிர்த்துவிடுங்கள். இருக்கும் நிலம் முழுவதையும் ஒரே ஆண்டில் காபிக்கு மாற்ற நினைக்காதீர்கள். முதல் ஆண்டு கால் பங்கு, அடுத்த ஆண்டு கால் பங்கு என்று போனால் கடன் வாங்கும் தேவை குறையும். கற்ற பாடமும் அடுத்த பகுதிக்கு உதவும்.

மிளகை மேல் மரங்களில் ஏற்றுவதற்கும் அவசரம் வேண்டாம். மரம் தடித்து, பட்டை சொரசொரப்பான பிறகு ஏற்றினால் கொடி இறுகப் பிடிக்கும்.

நிழலை அளப்பது, கழிப்பது

எத்தனை மரம் இருக்கிறது என்பதை விட எவ்வளவு வானம் தெரிகிறது என்பதே கணக்கு. இதை அளக்க விலையுயர்ந்த கருவி தேவையில்லை. உள்ளங்கை அளவுள்ள சமதளக் கண்ணாடி ஒன்றை எடுத்து, அதில் எழுதுகோலால் ஐந்துக்கு ஐந்தாக 25 கட்டம் போடுங்கள். தோட்டத்துக்குள் நின்று கண்ணாடியை மட்டமாகப் பிடித்து, மேலே தெரியும் இலைப்பரப்பு எத்தனை கட்டத்தில் பாதிக்கு மேல் மறைக்கிறது என்று எண்ணி, அதை நான்கால் பெருக்குங்கள். 10 கட்டம் மறைந்தால் 40 சதவீத நிழல். ஏக்கருக்குப் பத்துப் பன்னிரண்டு இடத்தில் இப்படி எடுத்துச் சராசரி பாருங்கள். இடத்துக்கு இடம் எண் எவ்வளவு மாறுகிறது என்பதும் முக்கியம்; ஒரு மூலையில் 70, இன்னொரு மூலையில் 10 என்றால் சராசரியை வைத்துப் பயனில்லை.

எவ்வளவு இருக்க வேண்டும்? மெக்சிகோவின் சியாப்பாஸ் பகுதிச் சிறு தோட்டங்களில் செய்த ஆய்வொன்றில் நிழல் 23 முதல் 38 சதவீதம் இருந்தபோது விளைச்சல் கூடியது. 48 சதவீதம் வரை நிலைத்தது. 50-ஐத் தாண்டியதும் இறங்கத் தொடங்கியது. அராபிகாவுக்கு 35 முதல் 45 என்று குறி வைத்துக்கொண்டு, வெப்பம் கூடிய இடத்தில் சற்று ஏற்றியும், மேகம் கவிந்த உயரத்தில் இறக்கியும் வைக்கலாம். ரொபஸ்டாவுக்கு இதைவிடக் கொஞ்சம் குறைவு போதும். இந்த எண்ணைப் பத்துப் பொருத்தமாகப் பிடிக்க வேண்டியதில்லை. செடியே சொல்லும். இலை மஞ்சளித்து, கிளைநுனி கருகி, ஓராண்டு அளவுமீறிக் காய்த்து மறு ஆண்டு சோர்ந்து நின்றால் வெயில் அதிகம். கணு இடைவெளி நீண்டு, இலை அகன்று கரும்பச்சையாகி, பூ அங்கொன்றும் இங்கொன்றுமாக வந்தால் நிழல் அதிகம்.

கழிக்கும் நேரம் மிக முக்கியம். வறட்சிக் காலத்தில் நிழல் முழுமையாக இருக்கட்டும். செடிக்கு அப்போதுதான் குடை தேவை. பூத்துக் காய் பிடித்த பிறகு, பெருமழை தொடங்குவதற்குச் சற்று முன் நடு அடுக்கை நன்றாகக் கழித்துவிடுங்கள். மழைமாதங்களில் வானமே மூடியிருக்கும். அதற்கு மேல் மரமும் மூடினால் ஈரம் தங்கி, கருப்பழுகல் போன்ற பூஞ்சை நோய்கள் பரவும். கழித்த தழையை அங்கேயே நறுக்கிச் செடி அடியில் பரப்புங்கள். அதுதான் அந்த ஆண்டுக்கான முதல் உரம்.

மேல் மரங்களில் தாழ்ந்த கிளைகளை ஆண்டுக்குக் கொஞ்சமாக நீக்கி, கொப்பை உயர்த்திக்கொண்டே போங்கள். காபிச் செடிக்கும் மரத்தின் கீழ்க்கிளைக்கும் இடையில் காற்று தாராளமாக ஓட வேண்டும். உயரத்திலிருந்து இறங்கும் நிழல் வெயிலோடு சேர்ந்து நகர்ந்துகொண்டே இருக்கும். தாழ்ந்த கிளையின் நிழல் ஒரே செடியை நாள் முழுக்க அமுக்கும். உயர மரம் ஏறிக் கழிப்பது உயிர் ஆபத்துள்ள வேலை. கயிறும் இடுப்புப்பட்டையும் இல்லாமல் யாரையும் ஏற்றாதீர்கள், மழை ஈரத்தில் ஏற்றவே ஏற்றாதீர்கள்.

நிழல் மண்டிக் கிடக்கும் பழைய தோட்டத்தை வாங்கியவர்கள் ஒரே பருவத்தில் வெட்டித் திறந்துவிட ஆசைப்படுவார்கள். கூடாது. திடீர் வெயிலில் இலை வெந்துபோகும். அராபிகாவாக இருந்தால் தண்டுத்துளைப்பான் வண்டும் தேடி வரும். இரண்டு மூன்று ஆண்டுகளில் படிப்படியாகத் திறக்க வேண்டும். மாறாக, திறந்த வெயிலில் நிற்கும் தோட்டத்தை நிழலுக்குக் கொண்டுவருபவர்கள் செடி இறந்த இடைவெளிகளிலும் வரப்போரங்களிலும் மரக்கன்று நடுவதிலிருந்து தொடங்கலாம். காபியைப் பிடுங்க வேண்டியதில்லை.

மண்ணும் உரமும்

நன்றாக அமைந்த நிழல் தோட்டத்தில் உதிரும் இலையும் கழித்த தழையும் மண்ணைத் தாங்கும். ஆனால் பழத்தோடு சேர்ந்து சத்து ஆண்டுதோறும் வெளியே போகிறது என்பதை மறக்கக் கூடாது. காடு தானே ஊட்டும் என்று எதுவுமே போடாமல் விட்ட தோட்டங்கள் பத்தாண்டில் வறண்டுபோகும். பறித்த பழத்தின் எடையில் ஏறத்தாழ 40 சதவீதம் வெறும் தோல்சதை. அதைக் குவித்து, சாணமும் சருகும் கலந்து, மழை நனையாமல் மூன்று நான்கு மாதம் மட்கவிட்டுத் திருப்பிப் போடுங்கள். சாம்பல் சத்து நிறைந்த உரம் அது. பச்சையாக அப்படியே செடி அடியில் கொட்டினால் வேர் வெந்துபோகும்.

மண் பரிசோதனையை இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை செய்து, குறைவதை மட்டும் ஈடுகட்டுங்கள். களையை முழுக்கச் சுரண்டி மண்ணை வெறுமையாக்க வேண்டாம். செடியைச் சுற்றி ஒரு வட்டம் சுத்தமாக இருந்தால் போதும், மீதியை அரிவாளால் வெட்டிவிட்டால் மண் பிடிப்பு குலையாது.

பூச்சியும் நோயும்

வெள்ளைத் தண்டுத்துளைப்பான் ஆசியாவில் அராபிகாவின் முதல் எதிரி. வெயில் படும் தண்டின் பட்டை வெடிப்புகளில் முட்டையிடும். ஆகவே சீரான நிழலே முதல் மருந்து. வண்டு பறக்கும் பருவத்துக்கு முன் தண்டைத் தேய்த்துத் தளர்ந்த பட்டையை நீக்கி, 10 சதவீதச் சுண்ணாம்புக் கரைசலைத் தண்டில் அடிக்கலாம். தண்டில் புடைத்த வளையமும் மஞ்சளித்த இலையும் தெரிந்தால் அந்தச் செடியை வேரோடு பிடுங்கி எரித்துவிட வேண்டும். மனம் கேட்காது. ஆனாலும் ஒரு செடிக்கு இரக்கப்பட்டால் சுற்றியுள்ள பத்துச் செடி போகும்.

காய்த்துளைப்பான் இரண்டு மில்லிமீட்டர்கூட இல்லாத வண்டு. பழத்தின் நுனிப் பக்கத்தில் ஊசித்துளை போட்டு உள்ளே குடியேறும். பறிப்பு முடிந்ததும் செடியில் ஒட்டியதையும் தரையில் சிந்தியதையும் ஒன்றுவிடாமல் பொறுக்குவதே இதற்கான பெரிய வைத்தியம். பறிக்கும்போது கீழே சாக்கு விரித்தால் பாதி வேலை மிச்சம். பொறுக்கிய பூச்சிக்காய்களைக் கொதிநீரில் இரண்டு மூன்று நிமிடம் முக்கியெடுங்கள். இதற்குப் பறவைகளும் துணை. கோஸ்டா ரிக்காவில் செடிகளுக்கு வலைக்கூண்டு போட்டுப் பறவைகளைத் தடுத்துப் பார்த்தார்கள். பறவைகள் வந்துபோன செடிகளில் காய்த்துளைப்பான் தாக்குதல் ஏறத்தாழ பாதிதான். மேல் அடுக்கில் அத்தியும் நாவலும் வேண்டும் என்று முன்பு சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

தேனீயும் அப்படித்தான். அராபிகா தன்மகரந்தச் சேர்க்கையில் காய்க்கும். ரொபஸ்டாவுக்கு அயல் மகரந்தம் கட்டாயம். ஆனாலும் 2004-ல் வெளியான கோஸ்டா ரிக்கா ஆய்வு, தேனீக்கள் வாழும் காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் இருந்த அராபிகாவில்கூட விளைச்சல் 20 சதவீதம் கூடியதைக் காட்டியது. மொட்டை எழுப்பும் கோடை மழையான பூமழை பெய்த எட்டுப் பத்து நாளில் பூ விரியும். இரண்டு மூன்று நாளில் வாடிவிடும். அந்த நாட்களில் எந்த மருந்தும் தெளிக்காதீர்கள். தேன் பெட்டி வைப்பவர்களுக்கு அதில் தனி வருமானமும் உண்டு.

நிழல் எல்லா நோயையும் தீர்க்கும் என்று நினைத்துவிட வேண்டாம். துளைப்பானைத் தடுக்கும் அதே நிழல் அளவு மீறினால் பூஞ்சையை வரவேற்கும். கண்ணாடியில் எண்ணும் அந்த 25 கட்டம்தான் நடுநிலையைப் பிடித்துத் தரும்.

கவாத்து

ஒற்றைத் தண்டு முறையில் அராபிகாவை இரண்டரை அடியில் நுனி கிள்ளி, பக்கக் கிளைகள் திடமான பின் நாலரை அடி அளவில் மறுபடி கிள்ளுவது வழக்கம். பறிப்பு முடிந்ததும் காய்த்துக் களைத்த கிளை, நோய்ப்பட்ட கிளை, குறுக்கே ஓடுவது, தண்டில் நேராகக் கிளம்பும் சிம்பு எல்லாவற்றையும் நீக்கி, செடியின் நடுவில் ஒரு கை நுழையும் அளவு வெளிச்சம் விடுங்கள்.

பறிப்பும் பதப்படுத்தலும்

சிறு விவசாயி தன் காபிக்குக் கூடுதல் விலை கேட்கக்கூடிய இடம் இதுதான். ஆகவே அவசரப்படாதீர்கள். காபிப் பழம் பறித்த பிறகு பழுக்காது. பச்சைக்காய் ஒரு கைப்பிடி சேர்ந்தாலும் கோப்பையில் கசப்பும் துவர்ப்பும் தெரியும். நிழலில் பழம் மெதுவாகப் பழுக்கும். சில ஆய்வுகளில் ஒரு மாதம் வரை தாமதமானது. அந்தத் தாமதத்தில்தான் கொட்டை திரண்டு கனக்கிறது. ஒரே தடவையில் உருவாமல், சிவந்ததை மட்டும் நான்கைந்து சுற்றாகப் பறியுங்கள். கூலிக்குப் பறிக்கச் சொல்வதானால் எடைக்கு மட்டும் கூலி பேசாதீர்கள். எடைக் கூலி பச்சையையும் சேர்த்து உருவச் சொல்லும். நல்ல பழத்துக்குக் கூடுதல் என்று பேசினால் கை நிதானிக்கும்.

பறித்த அன்றே தண்ணீர்த் தொட்டியில் கொட்டி மிதப்பவற்றை ஒதுக்குங்கள். பிறகு இரண்டு வழி. ஈர முறையில் அன்றைக்கே தோல் நீக்கி, வழுவழுப்பு விடும்வரை புளிக்கவிட்டு, கழுவி உலர்த்த வேண்டும். புளிக்கும் நேரம் வெப்பத்தைப் பொறுத்து 12 முதல் 36 மணி வரை மாறும். கடிகாரத்தை நம்பாமல் கையால் தேய்த்துப் பாருங்கள். கூழாங்கல்போல உரசும் ஒலி வந்தால் உடனே கழுவுங்கள். கழுவிய தண்ணீரை ஓடையில் விடுவது மாபெரும் தவறு. அதிலுள்ள சர்க்கரையும் அமிலமும் நீரின் உயிர்க்காற்றை உறிஞ்சி மீனைக் கொல்லும். தனிக்குழியில் தேக்கி, சுண்ணாம்பு இட்டு, மண்ணில் ஊறவிடுங்கள்.

தண்ணீர் குறைவு என்றால் முழுப் பழத்தையும் அப்படியே உலர்த்தும் முறை போதும். இதற்குத் தண்ணீர் வேண்டாம், இயந்திரம் வேண்டாம். ஆனால் நல்ல வெயிலும் பொறுமையும் வேண்டும். எந்த முறையானாலும் வெறுந்தரையில் காயவைக்காதீர்கள். மூங்கில் தட்டியில் வலை விரித்து, இடுப்பு உயரக் கட்டில் அமைத்தால் அடியிலும் காற்று ஓடும். மெல்லிய அடுக்காகப் பரப்பி, பகலில் அடிக்கடி கிளறி, பனி விழுமுன் மூட வேண்டும். கழுவிய கொட்டையின் ஈரப்பதம் 10–11 சதவீதத்துக்கு வந்ததும் சுத்தமான சாக்கில் கட்டி, பலகை மேல், சுவரைத் தொடாமல் அடுக்குங்கள். மிளகு, மருந்து, மண்ணெண்ணெய், புகை எதுவும் அந்த அறையில் இருக்கக் கூடாது. காபி எல்லா வாசனையையும் உறிஞ்சிக்கொள்ளும். ஐந்தாறு கிலோ பழத்துக்கு ஒரு கிலோ பச்சைக்கொட்டை (வறுக்காத கொட்டை) என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம்.

விற்பனையும் சான்றும்

காபி விலை விவசாயி கையில் இல்லை. எந்த நாடு எவ்வளவு ஏற்றுமதி செய்யலாம் என்று வரையறுத்த பன்னாட்டுக் காபி ஒப்பந்தத்தின் ஒதுக்கீட்டு முறை 1989-ல் குலைந்த பிறகு விலை பலமுறை உற்பத்திச் செலவுக்கும் கீழே விழுந்திருக்கிறது. தனியாக நின்று அதை எதிர்கொள்ள முடியாது. பத்துப் பதினைந்து குடும்பங்கள் சேர்ந்து ஒரு தோல்நீக்கும் இயந்திரம், ஒரு ஈரமானி, ஒரு பொதுக்களம் வைத்துக்கொண்டால் தரமும் அளவும் ஒரே நேரத்தில் கிடைக்கும். எத்தியோப்பியாவில் ஒரோமியா காபி விவசாயிகள் கூட்டுறவு ஒன்றியம் 1999-ல் தொடங்கியது, சிறு விவசாயிகளின் காபியை நேரடியாக ஏற்றுமதி செய்யத்தான்.

சான்றிதழ்களில் நிழலைக் கடுமையாகப் பார்ப்பது அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் ஆய்வு நிறுவனத்தின் பறவை நேயச் சான்று. குறைந்தது 40 சதவீத நிழல், 10 வகைக்கு மேற்பட்ட மரங்கள், 12 மீட்டர் உயர மேல் அடுக்கு, அதோடு இயற்கை வேளாண் சான்றும் கேட்கிறது. காபி போன்ற பல்லாண்டுப் பயிருக்கு இயற்கை வேளாண் சான்று பெற மாறுகாலமே மூன்று ஆண்டு. செலவும் ஏடெழுத்தும் உண்டு. வாங்குபவர் யார் என்று தெரியாமல் சான்றிதழுக்குப் பணம் கட்டாதீர்கள். குழுவாகச் சேர்ந்து வாங்கும் வழியைத்தான் முதலில் பாருங்கள். ஐரோப்பாவுக்குப் போகும் காபிக்கு நிலத்தின் இருப்பிடக் குறியீடு கேட்பார்கள். 4 ஹெக்டேருக்குக் குறைந்த நிலத்துக்கு ஒரே ஒரு புள்ளியின் அட்சரேகை, தீர்க்கரேகை போதும். கைப்பேசியிலேயே எடுத்து, நில ஆவணத்தோடு சேர்த்து இப்போதே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

கணக்கேடு

காபி, மிளகு, பழம், விறகு, தேன், மரம் ஒவ்வொன்றுக்கும் தனிப் பக்கம் போடுங்கள். வீட்டார் உழைத்த நாட்களையும் எழுதுங்கள். அதை எழுதாமல் விடுவதால்தான் நட்டம்கூட லாபம்போலத் தெரிகிறது. கூடவே அந்த ஆண்டின் கண்ணாடிக் கணக்கு, கழித்த தேதி, பூமழை பெய்த நாள், முதல் பறிப்பு நாள். ஐந்தாண்டு ஏடு சேர்ந்துவிட்டால் உங்கள் தோட்டத்துக்கு எத்தனை சதவீத நிழல் சரி என்பதை எந்த வழிகாட்டியையும் கேட்க வேண்டியிருக்காது.